கடலுக்கு மூத்த ஊர்

ஆரணி சிவப்பிரகாசத்துக்குத் ‘தெரியாது’ என்ற சொல் வாயில் வராது. நாக்கில் கோளாறு ஒன்றும் இல்லை. பட்டுத் தறியில் அவர் கை எவ்வளவு சுத்தமோ, பேச்சும் அவ்வளவு சுத்தம். ஆனால் யார் எதைக் கேட்டாலும், கேட்டவர் வாயை மூடுவதற்குள் பதில் வந்து விழுந்துவிடும். தேசூருக்கு வழி கேட்ட ஒரு கல்யாணக் கூட்டம் அவர் கை காட்டிய பக்கம் போய் வந்தவாசியில் நின்றது. திரும்பும் வழியில் அவர்கள் சண்டைக்கு வந்தபோது, “அந்தப் பக்கம் போனா சாப்பாடு நல்லா கெடைக்கும்னுதான் அனுப்சேன்” என்றார். வந்தவாசியில் அவர்களுக்கு நிஜமாகவே நல்ல சாப்பாடு கிடைத்திருந்தது. அதற்கு மேல் என்ன பேசுவது?

மனைவி தெய்வநாயகி இதற்கு ஒரு வைத்தியம் கண்டுபிடித்து வைத்திருந்தாள். எதையும் இரண்டு தடவை கேட்பாள். நடுவில் போய் உலை வைத்துவிட்டு வருவாள். இரண்டு பதிலும் ஒன்றாக இருந்தால் நம்புவாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் நம்பியது மிகக் கொஞ்சம்.

தாது வருஷப் பஞ்சம் ஓய்ந்து, தெருவில் மறுபடி தறிச் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்த காலம் அது. பட்டு வியாபாரி லோகநாதன் சென்னைப் பட்டணத்தில் ஒரு பெரிய இடத்துக் கல்யாணத்துக்குப் புடவைகள் அனுப்ப வேண்டியிருந்தது. நெய்தவரே கொண்டுபோய்க் கொடுத்தால் கௌரவமாக இருக்கும் என்று சிவப்பிரகாசத்தை வண்டியில் ஏற்றிவிட்டார். வண்டி ஓட்டியவன் வீரன். கார்த்திகை மாதம். செய்யாறு தாண்டி, காஞ்சிபுரம் தாண்டி, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் போகையில் வண்டியின் அச்சு முறிந்தது. வீரன் ஆசாரியைத் தேடிப் போனான். சிவப்பிரகாசம் தூரத்தில் ஒரு கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் இருந்தால் கேள்வி இருக்கும். கேள்வி இருந்தால் அவர் இல்லாமல் எப்படி?

அங்கே பாதி தோண்டிய கிணறு ஒன்று இருந்தது. கிணற்றுக்குள் முழங்கால் சேற்றில் ஒரு வெள்ளைக்காரத் துரை சுத்தியலோடு நின்றுகொண்டிருந்தார். பூமியில் எங்கெங்கே என்ன கல் இருக்கிறதென்று பார்த்துப் படம் போடச் சர்க்கார் அனுப்பிய துரை. மேலே அவருடைய சமையல்காரர் பெரியநாயகம் குடை பிடித்துக்கொண்டு நின்றார். அவர் சேத்துப்பட்டுப் பக்கத்துக் கத்தோலிக்கர். துரைக்குச் சமைப்பதோடு, துரை சொல்வதைத் தமிழில் சொல்வதும் அவர் வேலை.

“இந்த வெள்ளைக் கல்லு இன்னும் எங்க கெடைக்கும்னு துரை கேக்கறாரு” என்றார் பெரியநாயகம்.

ஊர்க்காரர்கள் வாயைத் திறக்கவில்லை. கல்லைக் காட்டினால் அதற்கும் வரி போடுவார்கள் என்று பயம்.

“கெழக்கால” என்றார் சிவப்பிரகாசம். அவர் அந்த ஊருக்கு வந்து ஒரு வெற்றிலை போடும் நேரம்கூட ஆகவில்லை.

துரை கிழக்கே போய்த் தோண்டச் சொன்னார். அதே வெள்ளைக் கல் இருந்தது. துரைக்கு முகம் மலர்ந்துவிட்டது. இந்த ஆளை விடக்கூடாது என்று பெரியநாயகத்திடம் சொன்னார். அந்த வட்டாரத்தில் எந்தப் பக்கம் தோண்டினாலும் அந்தக் கல்தான் இருந்தது என்பது பிறகு தெரிந்தது. அதற்குள் சிவப்பிரகாசம் புடவை மூட்டையை வீரனிடம் கொடுத்துப் பட்டணத்துக்கு அனுப்பிவிட்டு, துரையின் கூடாரத்துக்குப் பக்கத்தில் பாய் விரித்துவிட்டார்.

அந்தக் கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். பார்க்கக் கல், தொட்டால் சுண்ணாம்புக் கட்டி போல மாவு ஒட்டும். உளியை ஓரத்தில் வைத்து மெல்லத் தட்டினால் வெற்றிலைக் கவுளியைப் பிரித்த மாதிரி ஏடு ஏடாகப் பிரிந்து வரும். ஒரு நாள் துரை அப்படி ஓர் ஏட்டைப் பிரித்தார். உள்ளே ஓர் இலை படுத்திருந்தது. நடுவில் நரம்பு. இரண்டு பக்கமும் சீப்புப் பற்கள் போல நெருக்கமாகச் சின்னச் சின்ன இலைகள். பழுப்பு நிறத்தில், நேற்று உதிர்ந்தது போல இருந்தது. விரலால் தடவினால் இலை இல்லை, கல்தான்.

அடுத்த ஏட்டைப் பிரித்தால் சின்னச் சின்னச் சிப்பிகள்.

துரை தொப்பியைக் கழற்றி மேலே வீசிவிட்டார். சேற்றிலேயே ஓர் ஆட்டம் போட்டார். பிறகு மூச்சு வாங்க நெடுநேரம் இங்கிலீஷில் பேசினார். பெரியநாயகம் கவனமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“துரை சந்தோசமா கீறாரு.”

“அது எனக்கே தெரியுது. அத்தினி நேரம் பேசினாரே, இன்னா சொன்னாரு?”

“இங்க கடல் இருந்திச்சாம்.”

“எங்க?”

“நீ நிக்கிற எடத்துல.”

சிவப்பிரகாசம் ஓர் அடி தள்ளி நின்றார்.

பெரியநாயகம் மீதியையும் மெல்ல மெல்லச் சொன்னார். கடலின் கரை ஒரு காலத்தில் இங்கேதான் இருந்ததாம். ஆறுகள் காட்டிலிருந்து இலைகளை அடித்துக்கொண்டு வந்து கரையோரச் சேற்றில் போட்டன. மேலே சேறு படிந்தது. அதன் மேல் இன்னும் சேறு. சேறு இறுகிக் கல்லானது. கடல் பிறகு பின்வாங்கி இப்போது இருக்கும் இடத்துக்குப் போய்விட்டது. அந்தக் காலத்து மரம் செடி எதிலும் பூ கிடையாது. பூ என்ற ஒன்று பூமிக்கே இன்னும் வரவில்லை.

“பூ இல்லாம பூசை எப்பிடி பண்ணாங்க?” என்றார் சிவப்பிரகாசம்.

பெரியநாயகம் இதைத் துரையிடம் கேட்டார். துரை தாடியைத் தடவி யோசித்துவிட்டு, நல்ல கேள்வி என்றார். சிவப்பிரகாசத்துக்குத் தாங்காத பெருமை.

மார்கழியில் துரை கூடாரத்தை வேறு இடத்துக்குப் பெயர்த்தபோது, இலை படுத்திருந்த கல் ஒன்றைப் பஞ்சில் பொதிந்து சிவப்பிரகாசத்துக்குக் கொடுத்தார். அதை மடியில் வைத்துக்கொண்டே அவர் ஆரணி வந்து சேர்ந்தார். முதலில் தெய்வநாயகியிடம் காட்டினார்.

“அந்தக் காலத்துல பூவே கெடையாதாம்” என்றார்.

“அப்ப பொம்பளைங்க தலையில இன்னா வெச்சிகினாங்க?”

“பொம்பளைங்களே கெடையாதாம்.”

“அப்ப சோறு யாரு ஆக்கினாங்க?”

“ஆம்பளைங்களும் கெடையாது.”

தெய்வநாயகி போய் உலையில் அரிசியைப் போட்டுவிட்டு வந்தாள். “யாருமே இல்லன்னா இத்தையெல்லாம் யாரு பார்த்தாங்க?”

முதல் தடவையாக அவருக்குப் பதில் வரக் கொஞ்சம் தாமதமானது. “துரை பார்த்தாரு” என்றார்.

அவள் கல்லை வாங்கிச் சாமி மாடத்தில் வைத்தாள். எவ்வளவு பழசோ, யார் கண்டது, மரியாதையாக இருக்கட்டும் என்றாள்.

மறுநாள் காலையில் தெருவில் பாவு நீட்டியிருந்தார்கள். தெரு நீளத்துக்குப் பட்டு இழைகள். இரண்டு பக்கமும் நெசவாளிகள் நின்று இழையைச் சரி பார்ப்பார்கள். கை வேலை செய்யும், வாய் சும்மா இருக்கும். கதை சொல்ல அதைவிட நல்ல இடம் ஊரில் இல்லை. சிவப்பிரகாசம் கடல் கதையை எடுத்துவிட்டார். ஆறு, சேறு, இலை, சிப்பி, துரையின் ஆட்டம் எல்லாம் சொன்னார். ஆட்டத்தை ஆடியும் காட்டினார். எல்லாரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். அப்போது அந்த வழியே கருவாட்டுக் கூடையோடு வந்த அபிதகுசாம்பாள் நின்றாள். கருவாடு விற்பவளுக்குக் கடல் சமாச்சாரம் தொழில் சமாச்சாரம்.

“போன கடலு திரும்பி வருமா?” என்றாள்.

துரை இதைப் பற்றி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் தெருவே சிவப்பிரகாசத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“வராம? போனது வந்துதானே ஆவணும்.”

“எப்ப?”

“மாசி மகத்துக்குள்ள.”

அவ்வளவுதான் அவர் சொன்னது. பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. அடுத்த தெருவுக்குப் போனபோது கடல் காஞ்சிபுரம் வந்திருந்தது. கோட்டைப் பக்கம் போனபோது செய்யாற்றில் சுறா பார்த்தவர்களே இருந்தார்கள்.

புதுப் பாவு ஏற்ற ஆள் இல்லாமல் போயிற்று. மாசிக்குள் கடல் வருகிறதென்றால் எந்த மடையன் தையில் மூன்று புடவைக்குப் பாவு போடுவான்? ஒரு வீட்டில் வாழை மரத்தை வெட்டித் தெப்பம் கட்டினார்கள். அதை எங்கே கட்டிவைப்பது என்று அண்ணன் தம்பிக்குள் அடிதடி. கொல்லையில் உப்புக் காய்ச்சலாம் என்று ஒருவர் இடம் பார்த்து வைத்தார். அபிதகுசாம்பாள் மட்டும் பேஜாராகிவிட்டாள். “வாசல்ல மீனு துள்ளினா கருவாட்ட எவ வாங்குவா?” என்று தெருத் தெருவாகப் புலம்பிக்கொண்டு போனாள். இருந்தாலும், கடல் வந்தால் கருவாடு காயாது என்று ஒருத்திக்குத் தோன்ற, அன்றைக்கே அவள் கூடை காலியானது.

லோகநாதன் கோபமாக வந்தார். “யோவ் சிவப்பிரகாசம், ஊர்ல ஒரு தறி ஓடல. அந்தக் கல்ல எடுத்தாய்யா, நான் பாக்கறேன்.”

பின்னால் பாதித் தெரு நின்றது. சிவப்பிரகாசம் சாமி மாடத்துக்குப் போனார். அன்று வெள்ளிக்கிழமை. தெய்வநாயகி சாமிகளுக்கெல்லாம் அபிஷேகம் செய்துவிட்டு, கல்லுக்கும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றியிருந்தாள். மாடத்தில் கல் இல்லை. தட்டில் வெள்ளையாகக் கொஞ்சம் குழம்புச் சேறு இருந்தது.

“கல்லு எங்க?” என்றார் லோகநாதன்.

“அதான் கல்லு” என்றாள் தெய்வநாயகி. “தண்ணி ஊத்தினேன், கரைஞ்சி பூட்ச்சி.”

வாசலில் நின்றவர்கள் தட்டை எட்டிப் பார்த்தார்கள். பிறகு யாரோ ஒருவர், “கல்லுக்குக் கடல் வாசனை வந்துட்ச்சிடா. மறுபடியும் சேறாவுது பாரு” என்றார். லோகநாதன் தட்டைப் பார்த்தார், சேற்றைப் பார்த்தார், நேரே வீட்டுக்குப் போனார். கடையில் இருந்த பட்டுப் புடவைகளையெல்லாம் மூட்டை கட்டச் சொன்னார் என்று பிற்பாடு தெரிந்தது.

சுற்று வட்டாரத்தில் ஏறி உட்கார வசதியான உயரம் என்றால் ஜைனக் கோயில் இருக்கும் திருமலைதான். வண்டி வண்டியாகச் சனம் கிளம்பியது. ஆடு, கோழி, அம்மி, ஊறுகாய் ஜாடி எல்லாம் போயின. சிவப்பிரகாசம் வாசலில் நின்று ஒவ்வொரு வண்டியாகப் பார்த்தார். மத்தியானத்துக்கு மேல் அவரும் உள்ளே வந்து தறியிலிருந்து இழை கோக்கும் அச்சைக் கழற்ற ஆரம்பித்தார்.

“இன்னா பண்றீங்க?” என்றாள் தெய்வநாயகி.

“கெளம்பு. ஜல்தி.”

“கடலு வரும்னு சொன்னது நீங்கதான?”

“நான்தான் சொன்னேன்.”

“துரை சொன்னாரா?”

“இல்ல.”

“அப்பறம் இன்னாத்துக்கு பயப்படறீங்க?”

“நான் ஒருத்தன் சொன்னா பரவால்ல. இப்ப ஊரே சொல்லுதே!”

தெய்வநாயகி இந்தத் தடவை உலை வைக்கப் போகவில்லை. ஆனாலும் மனிதரைத் தனியாக மலைக்கு அனுப்பினால் அங்கே என்னென்ன சொல்வாரோ என்று அவளும் கூடக் கிளம்பினாள்.

திருமலைக்கு வந்த கூட்டத்தைப் பார்த்துக் கோயில்காரர் திகைத்துப் போனார். நல்ல மனிதர். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார், நிழல் காட்டினார். கருவாட்டுக் கூடையோடு அபிதகுசாம்பாள் படியில் கால் வைத்தபோது மட்டும் இரண்டு கையையும் விரித்து மறித்தார்.

“அம்மா, இது சமணர் மலை. உயிர் போனதெல்லாம் மேல வரக்கூடாது.”

“கடலு வந்தா?”

“கடல் வந்தாலும்.”

“அப்ப நான் கீழயே நின்னு கடல வந்த வழியா திருப்பி அனுப்பறேன்” என்று அவள் அடிவாரத்தில் புளிய மரத்தடியில் கூடையோடு உட்கார்ந்தாள்.

மலைமேல் வாழ்க்கை சுகமாக இல்லை. பகலில் பாறை கொதித்தது. யாருடைய ஆடோ யாருடைய நெல்லையோ தின்றது. எல்லாரும் கிழக்கே பார்த்துக்கொண்டே இருந்ததில் கழுத்து வலி வந்தது. கடல் இன்னும் வரவில்லையே என்று சிலருக்கு எரிச்சல்கூட வந்தது. “வர்றதுன்னா வந்து தொலைய வேண்டியதுதான?” என்று தெப்பம் கட்டியவர் சத்தம் போட்டார். வாழை மரம் அழுகிக்கொண்டிருந்தது.

அப்படி இருக்கும்போது ஒரு காலையில் அடிவாரத்தில் குதிரை வந்து நின்றது. அதே துரை. பின்னாலேயே வண்டியில் பெரியநாயகமும் சட்டிபானைகளும். துரைக்குத் திருமலைப் பாறையைப் பார்க்க வேண்டுமாம். மேலே ஏறி வந்தவர், அத்தனை சனத்தைப் பார்த்து, இன்றைக்குத் திருவிழாவா என்று கேட்டார். பெரியநாயகம் விசாரித்துவிட்டுத் துரையின் காதில் சொன்னார். துரை பாறைமேல் உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. கண்ணிலிருந்து நீர் வழிந்தது. பாவம், அவருக்கும் பயம் போலிருக்கிறது என்று ஓர் அம்மாள் அவருக்கு மோர் கொடுத்தாள்.

மோரைக் குடித்துத் தெளிந்த பின் துரை எழுந்து, சுத்தியலால் பாறையில் ஒரு போடு போட்டார். ணங்கென்று சத்தம் வந்தது. ஒரு சில்லை எடுத்துக் காட்டி நெடுநேரம் பேசினார். இந்தத் தடவை பெரியநாயகம் எதையும் விடவில்லை.

“இந்தக் கல்லு வேறயாம். பூமிக்கு அடியில நெருப்புல வெந்து இறுகின கல்லாம். இதுல இலையும் இல்ல, சிப்பியும் இல்ல. அங்க வந்த கடலு இந்தப் பக்கம் வந்ததா அடையாளமே இல்லியாம். ஆரணிக்குக் கடலு வரல. மாசி மகத்துக்கு நிச்சயமா வராதாம். எல்லாரும் வூட்டுக்குப் போங்க.”

கூட்டம் பெருமூச்சு விட்டது. ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். மூட்டைகளைத் தூக்கக் குனிந்தார்கள். அப்போதுதான் லோகநாதனுக்குச் சுருக்கென்று ஏதோ பட்டது.

“இரு இரு. ஸ்ரீபெரும்புதூருக்கு வந்திச்சாம், நம்மூருக்கு வரலியாமா?”

குனிந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

“நம்மூருக்கு இன்னா கொறைச்சல்?” என்றார் தெப்பக்காரர். “கோட்டை இல்லியா? ஆறு இல்லியா? பட்டு இல்லியா?”

“அவங்களுக்கு சிப்பி, நமக்கு ஒண்ணுமில்லியா? நல்லா பாக்கச் சொல்லுய்யா அந்தத் துரைய!”

துரைக்குத் தமிழ் அரைகுறை. ஆனால் கோபம் எந்தப் பாஷையிலும் புரியும். அவர் பெரியநாயகத்திடம் அவசரமாக ஏதோ சொன்னார். பெரியநாயகம் பாறைமேல் ஏறி நின்று இரண்டு கையையும் தூக்கினார்.

“கேளுங்க! அந்தக் கடல் கல்லு, இலைக் கல்லு எல்லாம் நேத்துப் பொறந்த கொழந்தைங்களாம். உங்க கல்லு அதுக்கெல்லாம் ரொம்ப ரொம்ப மூத்ததாம். அந்தக் கடலு கரைக்கு வர்றதுக்கு முன்னாடியே இந்த மலை இங்க ஒக்காந்துகினு இருந்திச்சாம். கடலுக்கு நீங்க பெரியப்பா முறை!”

கடைசி வரி துரை சொன்னதல்ல. ஆனால் அதுதான் வேலை செய்தது. கூட்டம் அப்படியே குளிர்ந்துவிட்டது. லோகநாதன் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“எத்தினி வருஷம் மூத்ததுன்னு கேளு” என்றார்.

சிவப்பிரகாசம் வாயைத் திறந்தார். தெய்வநாயகி அவர் கையைப் பிடித்து அழுத்தினாள். பெரியநாயகம் துரையைக் கேட்டார். துரை சிரித்துக்கொண்டே இரண்டு தோளையும் தூக்கி, சொந்தத் தமிழில் சொன்னார்:

“தெரியாது. யாருக்கும் தெரியாது.”

சிவப்பிரகாசம் அவரையே வெறித்துப் பார்த்தார். குதிரை வைத்திருக்கிற மனிதர், சர்க்கார் ஆள், அந்தச் சொல்லைப் பாயசம் குடித்தவர் போலச் சொல்கிறார். ஊரும் அதற்காக அவரை ஒன்றும் சொல்லவில்லை. “யாருக்கும் தெரியாதாம்டா!” என்று இன்னும் பெருமையாகத்தான் இறங்கிப் போனது.

இறங்கும்போது அடிவாரத்தில் அபிதகுசாம்பாள் எழுந்து நின்றாள். “பாத்தீங்களா, திருப்பி அனுப்சிட்டேன்” என்றாள். சிலர் நம்பினார்கள்.

ஊரில் தறிகள் மறுபடி ஓடின. சிவப்பிரகாசத்தைத் திட்டுவதா பாராட்டுவதா என்று ஊருக்குப் பிடிபடவில்லை. ஊரை மலைமேல் ஏற்றியவரும் அவர்தான். அவரால்தான் கடலுக்கு மூத்தவர்கள் என்ற சேதியும் கிடைத்தது. காஞ்சிபுரத்துக்காரர்கள் வந்தால் அதைச் சொல்லாமல் யாரும் விடுவதில்லை.

அவர் ஒரு காரியம் செய்தார். கரைந்துபோன கல்லில் இருந்த இலையைப் புடவைக் கரையில் ஜரிகையில் கொண்டுவரப் பார்த்தார். ஞாபகத்திலிருந்துதான் போட வேண்டியிருந்தது. முதல் புடவையில் இலை சீப்பு மாதிரி வந்தது. இரண்டாவதில் மீன் முள் மாதிரி. மூன்றாவதில் கொஞ்சம் பூரான் மாதிரி இருந்தது. அதைத்தான் லோகநாதன் முதலில் விற்றார். ‘கல்லிலைக் கரை’ என்று பெயர் பரவியது. ஒன்று மாதிரி இன்னொன்று இருக்காது என்பதே அதற்குப் பெருமையாகிவிட்டது. பெரியநாயகம் தன் பெண் அமலியின் கல்யாணத்துக்குப் புடவை வாங்க வந்தவர், கரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏம்ப்பா, இந்த மாதிரி இலைய நாம பாக்கவே இல்லியே?”

“அது பக்கத்துக் கெணத்துல இருந்தது” என்றார் சிவப்பிரகாசம். “நீ அப்ப சமைச்சிகினு இருந்த.”

பல வருஷம் கழித்து, பிள்ளைகள் தறியில் உட்கார்ந்த பிறகு, ஒரு மாசி மகத்துக்குத் தெய்வநாயகி சதுரங்கப்பட்டணம் போக வேண்டும் என்றாள். இத்தனை பேச்சுக்குக் காரணமான கடலை அவர்கள் இருவருமே பார்த்ததில்லை. சிவப்பிரகாசத்தின் பட்டணப் பயணம்தான் அந்தக் கிணற்றோடு நின்றுவிட்டதே.

கட்டுச் சோறு கட்டிக்கொண்டு வண்டியில் போனார்கள். கரையில் சாமிகளும் மேளமும் கூட்டமுமாக இருந்தது. தெய்வநாயகி கல்லிலைக் கரைப் புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஈர மணலில் இறங்கினாள். சிவப்பிரகாசம் உலர்ந்த மணலிலேயே நின்றுவிட்டார். அவ்வளவு தண்ணீரை அவர் எதிர்பார்க்கவில்லை. அவள் ஏதாவது கேட்பாள் என்று காத்திருந்தார். அவள் ஒன்றும் கேட்கவில்லை. அலை வந்து முழங்கால் வரை நனைத்துவிட்டுப் போனது. அவள் சின்னப் பெண் மாதிரிச் சத்தம் போட்டுச் சிரித்தாள். குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளி வாயில் விட்டுப் பார்த்து, உடனே துப்பினாள்.

“இன்னா?” என்று கரையிலிருந்து கத்தினார்.

“உப்பு ஜாஸ்தி” என்றாள் தெய்வநாயகி. “நீங்களும் வாங்க.”

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.